பார்ட்ஸ் வாங்குவதற்கு முன் மீட்டரை வையுங்கள்

பழைய காரில் எலக்ட்ரிக்கல் கோளாறு என்றதும் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. எண்ணெய் ஒழுகினால் தரையில் தெரியும். பேரிங் போனால் காதில் கேட்கும். கரண்ட் விஷயத்தில் அப்படிக் கண்ணுக்கோ காதுக்கோ எதுவும் பிடிபடாது. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்த வண்டி மாலையில் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அதனால் ஊகத்தில் இறங்கிவிடுகிறோம். முதலில் பேட்டரி மாற்றுவோம், அடுத்து அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார். மூன்றும் புதிதாகியிருக்கும், கோளாறு மட்டும் பழையபடி அப்படியே இருக்கும். இப்படிச் செலவு செய்து சலித்துப்போய், நல்ல எஞ்சினும் நல்ல பாடியும் உள்ள வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். அதில் பாதி வண்டிகளையாவது ஒரு மல்டிமீட்டரும் ஒரு துண்டு உப்புத்தாளும் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று நம்புகிறேன்.

பதினைந்து, இருபது வருடம் ஓடிய காரில் செப்புக் கம்பி அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவது அதன் முனைகள்தான். பாடியில் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) போல்ட் இறுக்கிய இடம், வயர்களைச் சொருகி இணைக்கும் கப்ளருக்குள் இருக்கும் பின்கள், கதவு மடங்கும் இடத்தில் தினமும் வளைந்து நிமிரும் வயர், முன்பு யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன இணைப்பு என்று பட்டியல் நீளும். ஈரமும் சூடும் அதிர்வும் சேர்ந்து அங்கேதான் வேலையைக் காட்டும். இணைப்புகளைச் சுத்தம் செய்யக் காசு தேவையில்லை. எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும், அளக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த முறையைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் காரில் வந்த ஒரு கோளாறை வைத்தே சொல்கிறேன். பகலில் எல்லாம் சரியாக இருக்கும். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும், லைட்டை அணைத்தால் இறங்கிவிடும். இண்டிகேட்டர் போட்டால் அது மினுக்கும் தாளத்துக்கே டேஷ்போர்டு விளக்குகளும் மங்கி மங்கி எரியும். ஏசி ப்ளோயரின் வேகமும் லேசாகக் குறையும். காட்டிய இடங்களில் வந்த பதில்கள் இவை: தெர்மோஸ்டாட் மாற்றலாம், டெம்பரேச்சர் சென்சார் மாற்றலாம், இல்லையென்றால் மீட்டர் செட்டையே மாற்றிவிடலாம். தனித்தனியாகக் கேட்டால் மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரின் சூடு, ஹெட்லைட் ஸ்விட்சைத் தட்டிய சில நொடிகளில் ஏறி இறங்க வழியே இல்லை. முள் பொய் சொல்கிறது என்றால், அதைப் பொய் சொல்ல வைப்பது எது?

இந்த இடத்தில் ஒரு தாளை எடுத்து எழுதுவது பெரிய உதவி. எதெல்லாம் கெடுகிறது, எப்போது கெடுகிறது, அந்த நேரத்தில் வேறு எது ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்கு மட்டும் எந்தப் பாதிப்பும் இல்லை. கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு வழி காட்டியதே அதுதான். என் வண்டியில் ஸ்டார்ட்டிங் பிரமாதமாக இருந்தது, அரைத் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் பேட்டரியும் நன்றாக இருக்கிறது, பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த கேபிள்களும் நன்றாக இருக்கின்றன. பாதிப்பு முழுக்க பாடியை எர்த்தாகப் பயன்படுத்தும் பொருட்களில்தான். ஹெட்லைட், ப்ளோயர், டேஷ்போர்டு மூன்றுக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு பாதை. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர்.

வயரிங் டயக்ராம் கிடைத்தால் இந்தப் பொதுப் பாதையைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். பழைய கார்களின் ஒர்க்‌ஷாப் மேனுவல்கள் பலவற்றிலும் அது உண்டு. முதலில் பார்த்தால் தலை சுற்றும். முழுப் படத்தையும் படிக்க வேண்டியதில்லை. கெட்ட பொருளிலிருந்து தொடங்கி, ஃப்யூஸ் வரை ஒரு விரல், எர்த் வரை ஒரு விரல் என்று பின்னோக்கிப் போனால் போதும். ஜெர்மன் கார்களிலும் அந்த முறையைப் பின்பற்றும் பல கார்களிலும் எண்கள் நிலையானவை: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேரடி ப்ளஸ், 15 என்றால் சாவி போட்ட பிறகு வரும் ப்ளஸ், 31 என்றால் எர்த். ஜெர்மன் வண்டிகளில் எர்த் வயர் பழுப்பு நிறம், ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் கறுப்பு. இந்த அளவு தெரிந்தாலே படம் பேச ஆரம்பித்துவிடும்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். மிக மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். அதில் 200 மில்லிவோல்ட் அளவும் 10 ஆம்பியர் துளையும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். முதலைக் க்ளிப் போட்ட நீள வயர் இரண்டு மூன்று. கூடவே ஒரு 21 வாட் பல்பு, அதாவது இண்டிகேட்டரில் போடும் அதே பல்பு, ஹோல்டரோடு. இரண்டு வயரைச் சேர்த்துவிட்டால் அதுதான் டெஸ்ட் லாம்ப்.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று தோன்றலாம். டிஜிட்டல் மீட்டர் வோல்ட் அளக்கும்போது அதன் வழியே போகும் கரண்ட் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம், அதன் உள் தடை பெரும்பாலும் 10 மெகாஓம். இருபது இழை கொண்ட வயரில் பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.5 என்று அழகாகக் காட்டும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பிடித்தால், உள்ளே எவ்வளவு அடைப்பு இருந்தாலும் விரலில் முழு அழுத்தம் தெரியும். விரலை எடுத்தால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும். 21 வாட் பல்பு விரலை எடுத்துவிடுகிறது. அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பாதை சரியாக இருந்தால் பளிச்சென்று எரியும், ஒற்றை இழையில் தொங்கினால் மங்கிவிடும். ‘மீட்டரில் 12 வோல்ட் வருது, ஆனா மோட்டார் ஓடல, அப்போ மோட்டார் போச்சு’ என்று முடிவு கட்டி எத்தனை நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போயிருக்கும்!

ஒரு எச்சரிக்கை. இந்தப் பல்பை ஏர்பேக் வயரிங் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பெரும்பாலான கார்களில் அதன் உறையும் கப்ளரும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சார் வயர்களிலும் வைக்கக் கூடாது, அந்த 1.75 ஆம்பியர் உள்ளே எதையாவது எரித்துவிடும். சென்சார் வயர்களில் மீட்டர் மட்டும்தான், ஏர்பேக் வயரிங்கில் அதுவும் வேண்டாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் பேட்டரியிலிருந்து தொடங்குவதே நல்லது. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். ஓடி வந்த உடனே அளந்தால் இல்லாத சார்ஜும் இருப்பது போலத் தெரியும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது, 15-ஐத் தாண்டினால் அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியில்லை. இந்தச் சில எண்களே பாதி ஊகங்களை ஒதுக்கிவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜிங் செக்’ செய்யும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்ய விடாதீர்கள். அந்தக் கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் பல பத்து வோல்ட் எகிறும், வண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளில் எது போகும் என்று சொல்ல முடியாது.

சரி, இனி முக்கியமான விஷயம். வோல்டேஜ் ட்ராப். எலக்ட்ரிக்கல் கோளாறு தேடுவதில் ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நல்ல இணைப்பில் கரண்ட் ஓடும்போது இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். இணைப்பு கெட்டிருந்தால் அங்கே சில வோல்ட் மாட்டிக்கொண்டு வெப்பமாகிவிடும், பல்புக்கும் மோட்டாருக்கும் போய்ச் சேராது. ஆகவே பொருளை ஓடவிட்டு, சந்தேகப்படும் இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்தால் போதும். எதையும் கழற்ற வேண்டாம். மீட்டரை ஓம் அளவில், அதாவது தடையை அளக்க, வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. செல்ஃப் கேபிளில் 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும். நம் மலிவு மீட்டரின் வயர்களுக்கே அதைப் போலப் பத்து இருபது மடங்கு தடை உண்டு. ஓமில் வைத்தால் எல்லா இணைப்பும் நல்ல இணைப்பாகத்தான் தெரியும்.

எவ்வளவு வரை ஏற்கலாம் என்றால், விளக்கு, ப்ளோயர் போன்றவற்றின் எர்த் பக்கத்தில் 0.1 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் ப்ளாக்குக்கும் நடுவே 0.2. பேட்டரி ப்ளஸிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை 0.5. தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் பானெட்டைத் திறந்தேன். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத்திலேயே அழுத்தி வைத்தேன், க்ளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனையை ஹெட்லைட்டின் எர்த் பின்னில் வைத்தேன்.

“மாமா, ஹெட்லைட் போடவா?”

“போடு. ப்ளோயரை முழுசா வை. பின்கண்ணாடி ஹீட்டரையும் போட்டுடு.”

மீட்டர் 0.93 காட்டியது. ப்ளஸ் பக்கத்தை அதே மாதிரி அளந்தால் 0.3, அதாவது அந்த வயதுக்கு மோசமில்லை. எர்த் பக்கம்தான் என்று உறுதியானதும், முனையைப் படிப்படியாக நகர்த்தினேன். ஈயத்திலிருந்து க்ளாம்ப்புக்கு 0.01. க்ளாம்ப்பிலிருந்து வயரின் மறு முனையில் இருக்கும் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) வரை 0.04. லக்கிலிருந்து, அது இறுக்கப்பட்டிருக்கும் இடத்துக்கு அடுத்துள்ள பாடித் தகடு வரை, தகட்டைக் கொஞ்சம் சுரண்டி வைத்துப் பார்த்தால், 0.86. ஒரு விரல்கட்டை தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட்டைக் காணோம். போல்ட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஏறத்தாழ 30 ஆம்பியர் அங்கே ஓடியிருக்கும். கணக்குப் போட்டால் 25 வாட்டுக்கு மேல் அந்த ஒரு போல்ட்டடியில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, போல்ட்டை எடுத்தேன். லக்கின் அடிப்பக்கம் காப்பிக் கறை போலப் பழுப்பேறிக் கிடந்தது. அதற்கும் கீழே, தகட்டில், வண்டியின் நிறத்திலேயே பளபளவென்று ஒரு வட்டம். எப்போதோ முன்பக்கம் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, அதன் மேலேயே லக்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அதுவரை கரண்ட் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும். மரையில் துருப் பிடிக்கப் பிடிக்க அந்த வழியும் குறுகிவந்திருக்கிறது. உப்புத்தாளால் வட்டத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, லக்கையும் போல்ட் மரையையும் சுத்தம் செய்து, இறுக்கினேன். ஈரம் புகாமல் இருக்க க்ரீஸ் பூசியது இறுக்கிய பிறகு, மேலாக.

மறுபடி எல்லாவற்றையும் போட்டு அளந்தபோது ஹெட்லைட் எர்த்தில் 0.07. எஞ்சினைச் சூடாக்கி, லைட்டைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்த்தான் பையன். “மாமா, முள்ளு அசையவே இல்ல!” என்று கத்தினான். தெர்மோஸ்டாட், சென்சார், மீட்டர் செட் எதுவும் மாற்றவில்லை.

முள் ஏன் ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்சாருக்கு எஞ்சின் எர்த், டேஷ்போர்டு மீட்டருக்கு பாடி எர்த். லைட் போட்டதும் பாடி முழுவதும் எஞ்சினைவிட ஏறத்தாழ ஒரு வோல்ட் உயர்ந்து நிற்கிறது. மீட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படையே நகர்ந்துவிட்டதால் அந்த வித்தியாசத்தையும் சூடு என்று அது காட்டிவிடுகிறது. கெட்ட எர்த் செய்யும் விசித்திரங்கள் எல்லாமே இந்த வகைதான். பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரோ பார்க் லைட்டோ மங்கலாக எரிகிறதா? அந்த லாம்ப் யூனிட்டின் பொது எர்த் போயிருக்கிறது, பிரேக் லைட் கரண்ட் வேறு ஃபிலமென்ட் வழியே பின்வாசல் தேடுகிறது. எஞ்சின் எர்த் ஸ்ட்ராப் முழுக்கப் போனால் இன்னும் ஆபத்து: செல்ஃப் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், க்ளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் உறை உருகிய வண்டிகள் உண்டு. தொடர்பே இல்லாத இரண்டு மூன்று பொருட்கள் ஒரே நேரத்தில் கூத்தாடினால் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்கும் கோளாறு. நண்பர் ஒருவரின் கார், இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செத்துவிடும். பேட்டரி புதுசு.

பூட்டி நிறுத்திய காரிலும் கடிகாரம், ரிமோட் லாக் போன்றவற்றுக்காகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். 300 மில்லியாம்பியர் போனால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும். அளப்பதற்கு மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே வைக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டால் கார் தன் கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸோ மீட்டரேயோ போய்விடும். அப்புறம் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிகள் தூங்கப் போக அரை மணி நேரம் ஆகலாம், சில வண்டிகளில் அதற்கும் மேல். முதல் நிமிடத்தில் தெரியும் எண்ணை நம்பி ஓட வேண்டாம்.

கசிவு இருப்பது உறுதியானதும் பலர் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அது பழைய வழி. ஃப்யூஸைத் திரும்பச் சொருகும்போது தூங்கிக்கொண்டிருந்த பெட்டி விழித்துக்கொள்ளும், கணக்கு குழம்பிவிடும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ப்ளேட் ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த ஃப்யூஸ் வழியே ஒன்றும் போகவில்லை. ஃப்யூஸுக்கும் மிகச் சிறிய தடை உண்டு என்பதால், கரண்ட் போனால் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் காட்டும். 10 ஆம்பியர் ஃப்யூஸில் 2 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ கால் ஆம்பியர். எதையும் பிடுங்காமல் ஃப்யூஸ் பெட்டி முழுவதையும் சில நிமிடங்களில் தொட்டுப் பார்த்துவிடலாம்.

நண்பரின் காரில் ஒரே ஒரு ஃப்யூஸ் மட்டும் காட்டியது, ஆடியோவுக்கானது. பின்தொடர்ந்து போனால் டிக்கியில் பிறகு பொருத்திய ஆம்ப்ளிஃபயர். அதை எழுப்பும் மெல்லிய வயர், சாவியோடு அணையும் ப்ளஸில் இல்லாமல் நிரந்தர ப்ளஸில் முறுக்கப்பட்டிருந்தது. பாட்டு அணைந்த பிறகும் ஆம்ப்ளிஃபயர் இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறது. பழைய காரில் கசிவு தேடும்போது நான் முதலில் பார்ப்பதே, கம்பெனி போடாத வேலைகளைத்தான்: மியூசிக் சிஸ்டம், அலாரம், ஃபாக் லாம்ப், கூடுதல் ஹாரன். அடுத்ததாக டிக்கி விளக்கு, க்ளோவ் பாக்ஸ் விளக்கு. 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தாலே 0.4 ஆம்பியர். செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால், மூடியதும் விளக்கு அணைகிறதா என்பது பதிவாகிவிடும்.

எந்த ஃப்யூஸிலும் தெரியாத கசிவு என்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதன் தடித்த வயர் பெரும்பாலும் சாதாரண ஃப்யூஸ் வழியே போவதில்லை. உள்ளே இருக்கும், கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோட் ஒன்று கெட்டால் இரவெல்லாம் பேட்டரி அதன் வழியே வடியும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சம்பந்தமில்லாமல் 25, 30 என்று காட்டினால் அது மலிவு மீட்டரின் குறை; டிசியையும் சேர்த்து அளந்துவிடும் சில மீட்டர்கள். அப்படியானால் வேறு மீட்டரில் பாருங்கள்.

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் ஃப்யூஸாக வாங்கிப் போட்டு எரிக்க வேண்டாம். அந்த ஃப்யூஸ் இடத்தில் நம் 21 வாட் பல்பைச் சொருகுங்கள். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும், வயருக்கு எந்த ஆபத்தும் இல்லை, ஏனென்றால் இரண்டு ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது. பிறகு சாவகாசமாக ஒவ்வொரு கப்ளராகக் கழற்றலாம், வயர்க் கட்டை அசைக்கலாம். எதைத் தொடும்போது பல்பு அணைகிறதோ மங்குகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு. பின்கதவு மேலே திறக்கும் வண்டிகளில் பல சமயம் அது கீல் பக்கத்து ரப்பர் குழாயில் போய் நிற்கும். ரப்பரை உருவிப் பார்த்தால் உறை வெடித்து இரண்டு மூன்று வயர்கள் செம்பு தெரியக் கிடக்கும். டிரைவர் கதவுக் கீலிலும் இதே கதைதான். பவர் விண்டோவும் சென்ட்ரல் லாக்கும் கதவு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருந்தால் மட்டும் வேலை செய்யும்.

பெரிய ஃப்யூஸைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறம் வைத்திருப்பதே தவறாமல் இருக்கத்தான். சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைப் போட்டால் அந்த வயரே ஃப்யூஸாகிவிடும், அது எரியும் இடம் டேஷ்போர்டுக்கு உள்ளே.

வந்து வந்து போகும் கோளாறுகள்தான் மனிதனை வதைப்பவை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். இங்கே செய்ய வேண்டியது கோளாறை வரவழைப்பது. மழையில் மட்டும் வருகிறது என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளைகளில் இலைச் சருகு அடைத்திருக்கிறதா, காலடிக் கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஈரமா என்று பாருங்கள். அந்தத் தண்ணீர் ஃப்யூஸ் பெட்டிக்குள் இறங்கி, பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சூட்டில் மட்டும் வருகிறது என்றால் ஹேர் டிரையரால் சந்தேகப்படும் ரிலேயையோ (கரண்ட்டால் இயங்கும் ஸ்விட்ச்) பெட்டியையோ தனியாகச் சூடாக்கிப் பார்க்கலாம். பழைய ரிலேகளின் உள்ளே சோல்டர் மயிரிழையாக விரிசல் விட்டிருக்கும். குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் பிரியும். ரிலேயைச் சோதிக்க இன்னும் சுலப வழி, பெட்டியில் அதே எண்ணுள்ள பக்கத்து ரிலேயை எடுத்து இதில் போடுவது. ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒன்றாகவே இருக்கும் வண்டிகள் நிறைய. குலுங்கும்போது வந்தால், எஞ்சினை ஓடவிட்டு வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். இழுத்துப் பிடுங்காமல், மென்மையாக.

ஸ்கேனர் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்தும் ஓபிடி (காரின் கம்ப்யூட்டரே கோளாறைக் கண்டுபிடித்துப் பதியும் முறை) கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய பல கார்களில் செல்போனோடு சேரும் மலிவு ரீடரே எரர் கோடுகளை, அதாவது கோளாறுக் குறியீடுகளை, படித்துவிடும். வாங்கலாம், பயன் உண்டு. ஆனால் கோடு காட்டுவது ஒரு சர்க்யூட்டை, மாற்ற வேண்டிய பொருளை அல்ல. இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சாரில் பி0113 வந்தால், சென்சார் கெட்டிருக்கலாம், அதன் கப்ளர் கழன்றும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கொட்டினால் பேட்டரியையும் எர்த்தையும் முதலில் அளந்துவிட்டு, கோடுகளை அழித்து, திரும்ப எவை வருகின்றன என்று பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்குப் புகார் எழுதும். கேன் லைன் (கம்ப்யூட்டர் பெட்டிகள் தங்களுக்குள் தகவல் பேசும் இரட்டை வயர்) உள்ள வண்டியில் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று வந்தால், பேட்டரியைக் கழற்றி, ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகே வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கண்டுபிடித்த பிறகு பழுது பார்ப்பதிலும் கவனம் வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த கோளாறுக்கு விதை போட்டாயிற்று. சரியான அளவு க்ரிம்ப் (நசுக்கி இணைக்கும் உலோக முனை) போட்டு, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினால் வருடக்கணக்கில் நிற்கும். சோதிப்பதற்காக வயரின் உறையை ஊசியால் குத்தியிருந்தால் அந்தத் துளையையும் மூடிவிடுங்கள், ஈரம் அதன் வழியேதான் உள்ளே போகும். பேட்டரியில் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பழைய ரேடியோவுக்கு ரகசியக் கோடு எண் இருந்தால் கழற்றுவதற்கு முன் அதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து பிடிபடாமல், ஏர்பேக் விளக்கோ ஏபிஎஸ் பெட்டியோ கம்ப்யூட்டரோ என்று போனால், நல்ல எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதே சிக்கனம். அப்போதும் உங்கள் தாளோடு போங்கள். ‘லைட் மங்குது, பாருங்க’ என்று சொன்னால் அவர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கு நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். ‘நின்னபோது 12.6, செல்ஃப் அடிக்கையில் 10.4, ஓடும்போது 14.2, எர்த் பக்கம் ட்ராப் 0.08, கசிவு 40 மில்லியாம்பியர், சூடானால் மட்டும் வருது’ என்று எழுதிக் கொடுத்தால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பேட்டரி, சார்ஜிங், எர்த் மூன்றையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சூடாகும் இடத்துக்குப் போய்விடுவார்.